பதினொரு விநாடிப் பொய்

கோசலை ஒரு ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிறாள். மத்தியானம் இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்குத் தட்டு வைப்பதும், கரட் வேண்டாம் என்று அழுகிற பிள்ளைக்கு ஒரு துண்டு பாணைக் கூடுதலாகக் கொடுத்துச் சமாளிப்பதும் அவளுடைய வேலை. வயது நாற்பத்தெட்டு. ஊர் புதுக்குடியிருப்பு. பாரிசுக்கு வந்து பதினாறு வருடம். சென்ற இலையுதிர்காலம் வரைக்கும் அரசியல் கூட்டம் என்று ஒன்றுக்கும் அவள் போனதில்லை. அப்படிப்பட்டவளின் முகத்தை இந்த நாட்டில் நாற்பது லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அவள் கண்ணை நிலத்துக்குக் கொண்டுபோய்விடுவாள்.

நடந்ததை விளங்கிக்கொள்ள முதலில் பியட்றிசைத் தெரிந்திருக்க வேண்டும்.

கோசலை வந்த புதிதில் அவளுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வயிற்றில் பிள்ளை. கணவன் சேந்தன் அப்போது ஒரு இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். மேன்முறையீட்டுக்கு வழக்கறிஞராகக் கிடைத்தவர்தான் பியட்றிஸ். இங்கே வழக்கறிஞர்களை ‘மேத்ர்’ என்று அழைப்பார்கள். கோசலைக்கும் அவர் எப்போதும் மேத்ர்தான். முதல் சந்திப்பில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பியட்றிஸ் சொன்னார்: “நீங்கள் இங்கே சொல்வது இந்த அறையை விட்டு வெளியே போகாது. நீங்கள் என்னிடம் வந்தீர்கள் என்பதைக்கூட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது எங்கள் தொழிலின் சட்டம்.” அதற்குப் பிறகுதான் கோசலை வாய் திறந்தாள். தம்பி எப்படிச் செத்தான் என்பதைச் சேந்தனுக்குக்கூட அவள் அதுவரை முழுதாகச் சொல்லியிருக்கவில்லை.

நீதிமன்றத்தில் அவள் தேதிகளை மாற்றிச் சொல்லிவிட்டாள். முதல் வாக்குமூலத்தில் ஏப்ரல், இப்போது மார்ச். ஏன் என்று நீதிபதி கேட்டபோது நாக்கு எழவில்லை. பியட்றிஸ் எழுந்து, “பிழை தேதியில்தான் இருக்கிறது. இந்தப் பெண்ணில் இல்லை” என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினார். மூன்று வாரத்தில் அகதி அந்தஸ்து கிடைத்தது. சுபாங்கி பிறந்ததும் அந்த மாதம்தான். பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையும் வந்தது. பியட்றிஸ் அரசியலுக்குப் போய் நாடாளுமன்ற உறுப்பினரானார் என்று கோசலை கேள்விப்பட்டாள். அதோடு சரி.

போன செப்டம்பரில் சில இடதுசாரிக் கட்சிகள் ஒன்று சேர்ந்து, ஜனாதிபதித் தேர்தலுக்குத் தங்கள் சார்பில் யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்க ஒரு தேர்வு வைத்தன. பிறிமேர் என்பார்கள். ஐந்து பேர் போட்டி. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் போய் வாக்களிக்கலாம். முதல் கருத்துக்கணிப்பில் முன்னாள் மந்திரி ரோமன் நூற்றுக்கு நாற்பத்தொன்று. நாற்பத்து நான்கு வயது, நல்ல குரல், நல்ல சிரிப்பு. கடைசியில் பியட்றிஸ், நூற்றுக்கு நான்கு.

ஒரு சனிக்கிழமை கறிவேப்பிலை வாங்க வந்த கோசலை, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மெத்ரோப் பாலத்தின் கீழ் ஒரு மடக்கு மேசையையும் நனைந்த துண்டுப் பிரசுரங்களையும் கண்டாள். மேசைக்குப் பின்னால் இரண்டு மாணவர்கள். பக்கத்தில் மழைக்கோட்டோடு பியட்றிஸ். நரைத்திருந்தார். சனம் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்துபோனது. கோசலை தயங்கித் தயங்கிக் கிட்டப் போனாள். பியட்றிஸ் ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

“மதாம் கோசலை! தோள்பட்டைக் காயம் குளிருக்கு இன்னும் வலிக்கிறதா?”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கோசலை அழுதாள். அடுத்த மூன்று கிழமையும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த மேசையில் நின்றாள். சுபாங்கியும் வந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. பிரசுரத்தைத் தமிழில் எழுதலாம் என்று யோசனை சொன்னதே அவள்தான். தாய் சொல்லச் சொல்ல, தனக்குத் தெரிந்த கோணல் எழுத்தில் தட்டச்சு செய்தாள். கணிப்பில் பியட்றிஸ் நான்கிலிருந்து ஐந்துக்கு வந்தார். தாயும் மகளும் அதற்கே சந்தோஷப்பட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பொன்னம்பலம் கூப்பிட்டார். ஃபோபூர் சென்-தெனி வீதியில் புடவைக்கடை வைத்திருப்பவர். கடைக்காரர் சங்கத்தின் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. கலியாணமோ செத்தவீடோ, முதல் ஆளாக நிற்பார்.

“பிள்ளை, நீ மழைக்குள்ள நிண்டு பேப்பர் குடுக்கிறாய் எண்டு கேள்விப்பட்டன். நல்ல விசயம். ஆனா அஞ்சு வீதத்தை வச்சு என்ன செய்யிறது? ரோமன் வாறார். சங்கம் கூட்டம் வைக்குது. எங்கட பக்கத்தாலை ஒரு பொம்பிளை பேசினா நல்லம். அகதியா வந்து, வேலை செய்து, பிள்ளையைப் படிப்பிக்கிற தாய். உன்னை விட்டா ஆர்?”

“அண்ணை, நான் மற்றவவுக்கெல்லோ நிக்கிறன்.”

“காத்துள்ளபோதே தூத்த வேணும் கோசலை. ரோமன்ர ஆக்களுக்கு மேல எல்லா இடமும் கை எட்டும். நீ வீட்டுக்கு எழுதிப் போட்டு எவ்வளவு காலம்?”

ஒன்பது வருடம். பஜோல் வீதியில் நாலாம் மாடி, மின்தூக்கி இல்லை, ஒற்றை அறையும் ஒரு முன்கூடமும். சுவரில் பூஞ்சை. சுபாங்கி முன்கூடத்துச் சோபாவில் படுக்கிறாள். அரசாங்கம் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிற சோசியல் வீட்டுக்கு ஒவ்வொரு வருடமும் விண்ணப்பத்தைப் புதுப்பிப்பதே மிச்சம்.

“வீடு எடுத்துத் தருவினமோ?” என்று கோசலை கேட்கவில்லை. பொன்னம்பலமும் சொல்லவில்லை. ரோமனின் பிரசாரத்திலிருந்து வந்து பேசிய ஷார்லோத் என்ற பெண்ணும் வீட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. ‘ஒருத்தரும் எனக்கு ஒண்டும் தாறன் எண்டு சொல்லேல்லை. நானாத்தான் நினைச்சன்’ என்று கோசலை பிறகு சொல்லுவாள். அவளை அதிகம் கூசவைக்கிற இடம் அதுதான்.

அடுத்த சனிக்கிழமை மேசைக்குப் போகவில்லை. தடிமன், காய்ச்சல் என்று மாணவர்களுக்குச் செய்தி அனுப்பினாள்.

கூட்டம் மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. முந்நூறு கதிரையும் நிறைந்துவிட்டது. மங்கள விளக்கு, மாலை, வடை, எல்லாம் இருந்தது. தூர இருக்கிற கணவன் மனைவியரைச் சேர்த்துவைக்கும் சட்டத்தை இலகுவாக்குவேன் என்று ரோமன் சொன்னபோது கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. கோசலை நீலக் காஞ்சிபுரம் உடுத்தி மேடையில் நின்று நான்கு நிமிடம் பேசினாள். ஷார்லோத் முதலே சொல்லியிருந்தாள்: “வழக்கறிஞர் பெயர் வேண்டாம். குழப்பமாகிவிடும்.” ஆகவே அவளுடைய கதையில் நீதிமன்றம் இருந்தது, காயம் இருந்தது, பியட்றிஸ் இல்லை.

அதோடு நின்றிருந்தால் அவள் இதை மறந்திருக்கவும் கூடும். இறங்கி வந்தபோது ஒரு இளம் நிருபர் ஒலிவாங்கியை நீட்டினார். சுற்றிவரச் சங்கத்து ஆட்கள். ரோமன் இரண்டடி தள்ளி நின்று அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வேட்பாளர் பியட்றிஸ், தான் அகதிகளின் வழக்கறிஞராக இருந்தவர் என்று சொல்கிறார். தமிழர்களுக்கு அவரைத் தெரியுமா?”

கோசலை சொன்னாள்: “பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு அவரைத் தெரியாது. எங்கள் ஆட்களுக்கு அவர் ஒன்றும் செய்ததில்லை. நான் தனியாகத்தான் போராடினேன்.”

நல்ல பிரெஞ்சில், ஒரு இடத்திலும் தடுக்காமல் சொன்னாள். பதினொரு விநாடி. அவ்வளவு சரளமாகத் தான் அந்த மொழியில் பேசியதே இல்லை என்று அவள் பிறகு யோசித்திருக்கிறாள். சங்கத்து ஆட்கள் முதுகில் தட்டினார்கள். “வெட்டிப் போட்டாய் பிள்ளை” என்றார் பொன்னம்பலம்.

காணொளி மறுநாள் காலையில் சுபாங்கியின் கைபேசிக்கு வந்துவிட்டது. அவள் சமையலறை வாசலில் நின்று அதைப் போட்டுக் காட்டினாள். இரண்டு தரம்.

“இது பொய்தானே?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

கோசலை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். “உனக்கு இதுகள் விளங்காது. நான் உனக்காகத்தான்...”

“எனக்காக வேண்டாம்” என்றாள் சுபாங்கி. அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

அதற்குள் போட்டி மாறத் தொடங்கியிருந்தது. போட்டியிலிருந்த ஒரு வயதான செனற்றர் விலகிக்கொண்டு தன் ஆதரவைப் பியட்றிசுக்குக் கொடுத்தார். வானொலியில் பியட்றிஸ் கொடுத்த ஒரு நீண்ட பேட்டியை நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். ஐந்து ஒன்பதாகி, ஒன்பது பதினான்கானது. ரோமன் முப்பத்தெட்டுக்கு இறங்கினார். இன்னும் முன்னுக்குத்தான், ஆனால் முதல் தடவையாகப் பின்னுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதம் ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு. சேந்தன் வேலையில். கோசலையும் சுபாங்கியும் சோபாவின் இரண்டு முனைகளில். நாற்பதாவது நிமிடத்தில் பியட்றிஸ் அகதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ரோமன் மெல்லச் சிரித்தார்.

“நீங்கள் பாதுகாத்ததாகச் சொல்லும் மக்களே வேறு மாதிரிச் சொல்கிறார்களே. லாச்சப்பலில் ஒரு தமிழ்த் தாய்...”

திரையில் காணொளி ஓடியது. நீலக் காஞ்சிபுரம். பெயர் கீழே எழுத்தில். எனக்கு அவரைத் தெரியாது.

நெறியாளர் பியட்றிசிடம் திரும்பினார். “உங்கள் பதில்? இந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா?”

பியட்றிஸ் திரையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ‘ஓம், நான்தான் இவளுடைய வழக்கைப் பேசினேன், இதோ தீர்ப்பு’ என்ற ஒரு வசனம் போதும். ரோமன் அந்த இடத்திலேயே விழுந்திருப்பார்.

“அந்த அம்மாவைப் பற்றி நான் எதுவும் பேசப் போவதில்லை” என்றார் பியட்றிஸ்.

“தெரியுமா, தெரியாதா?”

“பேசப் போவதில்லை.”

ரோமன் இரண்டு கையையும் விரித்தார். பார்வையாளர் சிலர் சிரித்தார்கள். பிறகு பேச வந்த நிபுணர்கள், பியட்றிஸ் வாயடைத்துப் போனார், அனுபவம் போதாது என்றார்கள். அவர் ஏன் பேசவில்லை என்பது அந்த இரவில் இந்த நாட்டில் ஒரு சிலருக்குத்தான் விளங்கியிருக்கும். அதில் ஒருத்தி பஜோல் வீதியில் சோபாவின் முனையில் இருந்தாள். பதினாறு வருடத்துக்கு முன்பு கொடுத்த வாக்கை அந்த மனுஷி, தன்னைத் தெரியாது என்றவளுக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

“சேறு வாரிப் பூசினமாதிரி இருந்தது. ஆனா பூசினது நான்” என்று கோசலை சொல்வாள்.

சுபாங்கி எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினாள். கோசலை கைபேசியை எடுத்தாள். அந்த நிருபரின் இலக்கம் அதில் இருந்தது. இப்போதே கூப்பிட்டு உண்மையைச் சொன்னால் காலைச் செய்தியில் வந்துவிடும். பொன்னம்பலம் அண்ணை என்ன சொல்வார், சங்கம் என்ன சொல்லும், சாப்பாட்டுக்கூடத்தில் கூட வேலை செய்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள், வீடு... கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். மறுநாளும் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கணிப்பில் பியட்றிஸ் எட்டுக்கு இறங்கியிருந்தார்.

பிறகு ஒரு பத்திரிகை ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டது. ரோமன் மந்திரியாக இருந்தபோது கையெழுத்திட்டது. வெளிநாட்டிலிருக்கும் மனைவியை, கணவனைக் கூப்பிட விண்ணப்பிப்பவர்களிடம் இன்னின்ன ஆதாரங்களையும் கேள், முடிந்தவரை தாமதி என்று அதிகாரிகளுக்குச் சொன்னது. லாச்சப்பல் மேடையில் எதை இலகுவாக்குவேன் என்றாரோ, அதே விசயம். தான் வாசிக்காமல் கையெழுத்திட்டதாக இரண்டாவது விவாதத்தில் ரோமன் சொன்னார். “எத்தனை குடும்பத்தை வாசிக்காமல் பிரித்தீர்கள்?” என்று பியட்றிஸ் கேட்டார்.

ஒரே கிழமையில் எல்லாம் தலைகீழாயிற்று. கணிப்பில் ரோமன் முப்பதுக்கு விழுந்தார். நடுவில் இருந்த இருவரும் ஆளை ஆள் சாப்பிட்டுக் கரைந்தார்கள். வாக்கெடுப்பின் முதல் சுற்றில் ரோமனுக்கு முப்பத்தாறு, பியட்றிசுக்கு முப்பத்தொன்று. அடுத்த ஞாயிறு இவர்கள் இருவருக்குமிடையே இரண்டாம் சுற்று. காற்று பியட்றிசின் பக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை பொன்னம்பலம் வீட்டுக்கே வந்துவிட்டார். நாலு மாடி ஏறிய மூச்சு அடங்கும் முன்பே சொன்னார்.

“கோசலை, உன்ர கேசைப் பேசினது அவதானாம் எண்டு சேந்தன் சொல்லுறான். இதை முதலே சொல்லியிருக்கக் கூடாதே? வியாழக்கிழமை லா கூர்னெவ்வில அவவின்ர கூட்டம். சங்கம் பொன்னாடை போர்க்குது. நீ ஏறி, அண்டைக்கு சொன்னது பிழை எண்டு சொல்லு. சனம் உருகிப்போகும்.”

“அண்ணை, அண்டைக்கு நீங்கள்...”

“அண்டைய காத்து அண்டைக்கு.”

கோசலை மூன்று நாள் யோசித்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. சொன்னால் தனக்கு நட்டம் வந்திருக்கக்கூடிய நாளில் சொல்லாமல், மாலை மரியாதையோடு சொல்லச் சொல்கிற நாளில் சொல்வதா என்பதுதான் அவளை உறுத்தியது. ஆனால் சொல்லாமல் விட்டால் பொய் அப்படியே கிடக்கும். போனாள். சாதாரண வேலைச் சட்டையோடு போனாள்.

மேடையில் பியட்றிசுக்குப் பொன்னம்பலம் பொன்னாடை போர்த்தினார். கோசலை ஒலிவாங்கியை வாங்கினாள். இந்தத் தடவை பிரெஞ்சு வரவில்லை. வசனம் துண்டு துண்டாகத்தான் விழுந்தது.

“நான் பொய் சொன்னேன். இவரை எனக்குத் தெரியும். இவர்தான் என்னைக் காப்பாற்றினார். அன்றைக்கு விவாதத்தில் இவர் என் ரகசியத்துக்காகப் பேசாமல் இருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பொன்னம்பலம் அவளைக் கட்டிப்பிடித்தார். யாரோ அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்க, நானூறு பேர் சேர்ந்து கத்தினார்கள். பொய் சொன்ன அன்றைக்கு முதுகில் தட்டினார்கள், பொய் என்று ஒத்துக்கொண்ட அன்றைக்கும் தட்டுகிறார்கள். கோசலைக்கு மேடையின் பலகை பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. அந்த மண்டபத்தில் கை தட்டாமல் நின்றவர் ஒருவர்தான். பியட்றிஸ். பொன்னாடையை ஒரு கையால் பிடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபமும் தெரியவில்லை, மன்னிப்பும் தெரியவில்லை.

அன்றிரவே இரண்டு காணொளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரோ பரப்பினார்கள். ‘நேற்று ஒருவருக்கு, இன்று மற்றவருக்கு. நாளைக்கு யாருக்கோ?’ அதற்குக் கீழே எழுதப்பட்டிருந்ததையெல்லாம் சுபாங்கி தாய்க்குக் காட்டவில்லை. கோசலை தானாகவே தேடி வாசித்தாள். முதலாவது பொய்யா இரண்டாவது பொய்யா, இந்த அகதிகள் நீதிமன்றத்திலும் இப்படித்தான் சொல்வார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை அவள் பல தடவை வாசித்தாள். தம்பியின் சாவைப் பற்றித் தான் சொன்னதையும் இனி ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பியட்றிஸ் தோற்றார். நாடு முழுவதிலும் ஆறாயிரத்துச் சொச்சம் வாக்குகள்தான் வித்தியாசம். கிராமப்புறம் ரோமனைக் கைவிடவில்லை என்றார்கள், மழை என்றார்கள், முதல் விவாதத்தின் அந்த மௌனத்திலிருந்து அவர் முழுதாக மீளவில்லை என்றும் சிலர் சொன்னார்கள். எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. கோசலையும் கணக்குப் போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டாள். திங்கட்கிழமை பொன்னம்பலம் சங்கத்தின் சார்பில் ரோமனுக்கு வாழ்த்து அனுப்பினார். ஷார்லோத்தின் கைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை.

டிசம்பரில் ஒரு புதன்கிழமை, பள்ளி அரைநாள். கோசலை ஸ்டாலின்கிராட் பக்கத்திலிருந்த பியட்றிசின் தொகுதி அலுவலகத்துக்குப் போனாள். யாரும் அனுப்பவில்லை. கையில் பூவும் இல்லை, பலகாரமும் இல்லை. கொண்டுபோனால் அதுவும் ஏதோ வேண்டிப் போனதுபோல் ஆகிவிடும் என்று பயந்தாள். உள்ளே சுவரொட்டிக் கட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பியட்றிஸ் சட்டைக்கையை மடித்துவிட்டு அவர்களோடு நின்றார்.

“உட்காருங்கள் மதாம் கோசலை.”

அவள் உட்காரவில்லை. “மேத்ர், நான் மன்னிப்புக் கேட்க வந்தேன். மேடையில் கேட்டது கணக்கில் வராது.”

“வராதுதான்” என்றார் பியட்றிஸ். கையிலிருந்த கட்டைப் பெட்டிக்குள் வைத்தார். “எனக்குக் கோபம் வந்தது. விவாதத்தன்று இரவு வீட்டுக்குப் போய், உங்கள் வழக்குக் கோப்பை எடுத்து எறிய வேண்டும் போலிருந்தது. கோபம் இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. பொய் சொல்ல முடியாது.”

“ஓம் மேத்ர்.” தமிழில்தான் வந்தது.

“ஆனால் ஒன்று கேளுங்கள். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, நீதிமன்றத்தில் நீங்கள் சொன்னதும் பொய்யோ என்று என் பழைய உதவியாளர் ஒருவர் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை.”

கோசலைக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். அழுதால் இந்த மனுஷி தன்னை ஆறுதல்படுத்த வேண்டி வரும், அந்த வேலையையும் அவர் தலையில் போடக்கூடாது என்று நினைத்தாள். மன்னித்தேன் என்று பியட்றிஸ் சொல்லவில்லை. கைகொடுத்தார். வாசல்வரை வந்தார். கோசலைக்கு அது போதாமல் இல்லை. பொய்யாக மன்னிக்கப்படுவதைவிட அந்தக் கொஞ்சக் கோபம் அவளுக்கு நேர்மையானதாகப் பட்டது.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்று விடாமல் சுபாங்கிக்குச் சொன்னாள். சோபாவில் இந்த வருட வீட்டு விண்ணப்பத்துக்கான கடதாசிகள் பரவிக் கிடந்தன, வீடு இன்னும் கிடைக்கவில்லை. சுபாங்கி முழுவதையும் கேட்டாள். பிறகு தாயின் கோப்பையையும் தன் கோப்பையையும் எடுத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனாள். இரண்டு மாதத்தில் அவள் தாய்க்குத் தேத்தண்ணி போட்டது அன்றைக்குத்தான்.

இப்போதும் லாச்சப்பலில் யாராவது கோசலையை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். போன கிழமை மரக்கறிக் கடையில் வன்னியிலிருந்து வந்த ஒரு பெண், “அக்கா, நீங்கள்தானே ரீவியில வந்தனீங்கள்? என்ன வடிவாப் பிரெஞ்சு கதைச்சனீங்கள்!” என்றாள்.

கோசலை வெண்டிக்காய்ப் பையைக் கீழே வைத்தாள்.

“ஓம் பிள்ளை, நான்தான். அண்டைக்கு நான் சொன்னது பொய்.”

கடைக்காரர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுட்டாலும், கேட்கிற ஒவ்வொருவருக்கும் கோசலை அப்படித்தான் சொல்கிறாள்.